காதுக்குப் பக்கம் புரட்டத் தெரியாது: பேச்சை அடுக்குவது என்றால் என்ன?

முதல்முறையாக மேடையேறப் போகிறவர் யாரிடம் யோசனை கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும். முன்னுரை, நடுப்பகுதி, முடிவுரை, அவ்வளவுதானே என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் மூன்று கருத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதே என்பார். இன்னொருவர், என்ன சொல்லப் போகிறாய் என்று முதலில் சொல், பிறகு அதைச் சொல், கடைசியில் என்ன சொன்னாய் என்று சொல் என்பார். இதில் எதுவும் தவறில்லை. ஆனால் ஏன் அப்படி என்பதை யாரும் சொல்லாததால், கேட்டவர் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டு, மேல் கட்டத்தில் வணக்கமும் கீழ்க் கட்டத்தில் நன்றியும் எழுதி, தனக்குத் தெரிந்த அத்தனையையும் நடுக்கட்டத்தில் கொட்டிவிடுகிறார். கட்டம் மூன்றும் நிறைந்துவிடுகிறது, பேச்சு மட்டும் யார் மனதிலும் ஏறுவதில்லை. "நிறைய விஷயம் சொன்னார், ஆனால் என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை" என்று வெளியே வந்து பேசிக்கொள்கிறார்கள்.

புதிதாகப் பேசுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பேசியவர் தன் குரலைக் குறை சொல்வார், பயத்தைக் குறை சொல்வார், சொல்வளம் போதாது என்பார். பெரும்பாலும் குறை அங்கே இருக்காது, அடுக்கில் இருக்கும். அடுக்கு என்று நான் சொல்வது, எது முதலில் வர வேண்டும், எது பிறகு வர வேண்டும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்று பேச்சுக்குள் இருக்கும் ஒழுங்கை. பேசுகிறவர் மறக்காமல் இருக்கத்தான் இந்த ஒழுங்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கும் உதவும்தான். ஆனால் அது முதலில் கேட்பவருக்காக. இதைப் புரிந்துகொண்டால் மேலே சொன்ன விதிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தானாகவே விளங்கிவிடும்.

படிப்பவருக்கு உள்ள வசதி கேட்பவருக்கு இல்லை

ஒரு கட்டுரையைப் படிக்கும்போது நடுவில் குழம்பினால் என்ன செய்வோம்? இரண்டு பத்தி மேலே போவோம். தலைப்பைத் திரும்பப் பார்ப்போம். இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கீழே தள்ளிப் பார்ப்போம். கேட்பவருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. சொல் காற்றில் வந்து காற்றிலேயே போய்விடுகிறது, பேசுகிறவர் வைத்த வேகத்தில்தான் கேட்டாக வேண்டும், ஒரு வாக்கியத்தை நின்று யோசித்தால் அடுத்த இரண்டு வாக்கியம் கை நழுவிவிடும்.

ஃபோனில் ஒருவருக்கு வழி சொல்வதை நினைத்துப் பாருங்கள். "நேரா வந்து இடது பக்கம் திரும்புங்க, ஒரு தண்ணீர்த் தொட்டி வரும், அதுக்கு முன்னாடியே ஒரு பாலம் இருக்கும், பாலத்தை ஏறாதீங்க, இல்ல இல்ல, அந்த இடது பக்கத்துக்கு முன்னாடி ஒரு வலது பக்கம் இருக்கு." சொல்பவருக்கு முழு வழியும் கண் முன்னால் படமாக இருக்கிறது. கேட்பவருக்கு அந்தப் படம் இல்லை, துண்டு துண்டாக வருவதை வைத்து அவரே படத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையே, "நீங்கள் பாலத்தைத் தாண்டத் தேவையில்லை, அதற்கு இந்தப் பக்கம்தான் வீடு, மொத்தம் மூன்றே திருப்பம்" என்று தொடங்கிப் பாருங்கள். அவர் மனதில் மூன்று காலி இடம் தயாராகிவிடும். அப்புறம் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு திருப்பமும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேச்சின் அடுக்கு என்பது இந்தக் காலி இடங்களைக் கேட்பவர் மனதில் முன்கூட்டியே ஏற்படுத்திக் கொடுப்பதுதான்.

தலைக்குள் எவ்வளவு நிற்கும்?

"மூன்று கருத்து" விதி எங்கிருந்து வந்தது என்பதற்கும் இங்கேதான் விடை. கேட்டதை உடனடியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அதை வைத்து யோசிக்கவும் செய்கிற மனதின் சிறிய இடத்துக்கு உளவியலில் செயல் நினைவு என்று பெயர். யாராவது ஃபோன் எண்ணைச் சொல்ல, அதை எழுதும் வரை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்போமே, அந்த நேரத்தில் எண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண் போச்சு.

இந்த இடம் எவ்வளவு சிறியது? 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஏறக்குறைய ஏழு துண்டுகள் என்று எழுதினார், அந்த ஏழு பெரிய புகழ் பெற்றது. பின்னால் 2001-ல் நெல்சன் கோவன், மனதுக்குள் முணுமுணுப்பது போன்ற உத்திகளுக்கு வழி இல்லாதபோது நான்கு துண்டுதான் நிற்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். துண்டு என்றால் ஒரு எழுத்தோ ஒரு சொல்லோ என்று கணக்கில்லை, மனது ஒன்றாகக் கட்டி வைத்துக்கொள்ளும் எதுவும் ஒரு துண்டுதான். பத்து இலக்க எண்ணை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துச் சொன்னால் எளிதாக நிற்பது அதனால்தான்.

இப்போது பேச்சுக்கு வாருங்கள். உங்கள் பேச்சில் ஒன்பது கருத்து இருக்கிறது என்றால், அந்த ஒன்பதையும் கட்டித் தராமல் உதிரியாக நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். ஐந்தாவது வரும்போது முதலாவது விழுந்துவிடும். மூன்று என்பது ஏதோ மந்திர எண் இல்லை, சில பேச்சுக்கு இரண்டு போதும், சிலவற்றுக்கு நான்கும் தாங்கும். எண்ணிக்கையைவிட, உதிரிகளைக் கேட்பவருக்காக நீங்களே கட்டிக் கொடுத்தீர்களா என்பதுதான் முக்கியம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: கேட்பவர் பின்னால் திரும்பிப் போக முடியாது, அவர் கையில் ஒரே நேரத்தில் சில துண்டுகள்தான் நிற்கும். இந்த இரண்டு தடைகளைச் சமாளிக்கத்தான் இனி வரும் எல்லாமே.

ஊசியும் நூலும்

இதைப் படியுங்கள். "முதலில் முனையை ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எளிது. பிசிறு இருந்தால் வெட்டிவிட்டுத் திரும்ப முயலலாம். வயதாக ஆக இது கடினமாகிக்கொண்டே போகும், அப்போது பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். முடிந்ததும் ஒரு முடிச்சுப் போட வேண்டும்."

தலைப்பைப் பார்த்துவிட்டு வந்ததால் ஊசியில் நூல் கோர்ப்பதைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தலைப்பு இல்லாமல் யாருக்காவது இதை வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரியும், மொத்தமாக ஒன்றும் புரியாது. 1972-ல் ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் துணி துவைப்பதைப் பற்றி இப்படி மூடுமந்திரமாக ஒரு பத்தி எழுதிச் சோதித்தார்கள். எதைப் பற்றியது என்று முன்னாலேயே சொல்லப்பட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், அதிகம் நினைவும் வைத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்கள் தடுமாறினார்கள். எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது மூன்றாவது குழு: பத்தி முடிந்த பிறகு தலைப்பைச் சொன்னார்கள், அது ஏறக்குறைய எந்தப் பயனும் தரவில்லை. சட்டத்தை முதலில் கொடுத்தால்தான் அதில் படத்தை மாட்ட முடியும், பின்னால் கொடுத்தால் மாட்டுவதற்குப் படமே மிச்சமிருக்காது.

"என்ன சொல்லப் போகிறாய் என்று முதலில் சொல்" என்ற விதியின் உயிர் இதுதான். தொடக்கத்தில் ஓரிரு வாக்கியத்தில் பேச்சின் போக்கைக் காட்டுவதை முன்னோட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக உள்ளடக்கப் பட்டியல் போல வாசிக்க வேண்டியதில்லை. "இன்று உங்களிடம் ஒரு கேள்வியும் அதற்கு நான் கண்ட இரண்டு விடைகளும் கொண்டுவந்திருக்கிறேன்" என்றாலே போதும், கேட்பவர் மனதில் இடம் விழுந்துவிடும்.

ஒரே ஒரு வரி

மூன்று கட்டம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலரும் தாண்டிப் போய்விடுவது அதைத்தான். பேச்சு முழுவதும் எந்த ஒரு வரியை நிலைநாட்டப் போகிறதோ அதுதான் மையக் கருத்து. தலைப்பு வேறு, மையக் கருத்து வேறு. "ரத்த தானம்" என்பது தலைப்பு. அதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது மையக் கருத்து.

ரத்த தானத்தையே எடுத்துக்கொண்ட ஓர் இளைஞரின் தாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்து நிமிடப் பேச்சு. தாளில் ஒன்பது குறிப்பு: ரத்தம் என்றால் என்ன, 1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்தது, அவர் பிறந்த ஜூன் 14 உலக ரத்த தான நாளாக இருப்பது, யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது, தவறான நம்பிக்கைகள், சிவப்பணுவும் தட்டணுவும் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எத்தனை நாள் கெடாமல் இருக்கும், தன் அண்ணனுக்கு விபத்து நடந்தபோது ரத்தத்துக்கு அலைந்தது, கடைசியில் ஒரு வேண்டுகோள். எல்லாமே சரியான தகவல், எல்லாவற்றையும் உழைத்துச் சேர்த்திருந்தார்.

"உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே போகிறவர் வாசலில் நண்பரிடம் ஒரே ஒரு வரி சொல்வார் என்றால், அது என்னவாக இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். "ரத்த தானம் நல்லது" என்றார். அது எல்லோருக்கும் வரும்போதே தெரியுமே, அதைச் சொல்லவா பத்து நிமிடம்? சரி, இதைத் தேடிப் படிக்கும்போது உங்களையே நிமிர்ந்து உட்கார வைத்தது எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டணு இருந்த வரியில் விரலை வைத்தார். தட்டணுக்களை ஐந்து முதல் ஏழு நாள்தான் வைத்திருக்க முடியும், சிவப்பணுக்களையே அதிகபட்சம் 42 நாள்தான். "நிறையப் பேர் கொடுத்தால் சேர்த்து வைத்துக்கொள்வார்கள் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்" என்றார்.

அங்கேயே பேச்சு கிடைத்துவிட்டது. "சிவப்பணுவையும் தட்டணுவையும் நெடுநாள் சேமிக்க முடியாது, அதனால் வருடத்தில் ஒரு நாள் கூட்டமாகக் கொடுப்பதைவிட ஆண்டு முழுவதும் ஆள் மாற்றி ஆள் கொடுப்பதுதான் உயிரைக் காக்கும்" என்று எழுதினார். நீளமான வரிதான், ஆனால் அதற்கு ஒரு குணம் இருக்கிறது: எது உள்ளே, எது வெளியே என்று அதுவே சொல்லிவிடும். லேண்ட்ஸ்டைனர் வெளியே போனார். ஜூன் 14 போயிற்று. யார் கொடுக்கலாம் என்பது கேள்வி நேரத்துக்கு ஒதுங்கியது, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மட்டும் உறைய வைத்து ஒரு வருடம் வரை வைக்கலாம் என்ற தகவலும் அங்கேயே போயிற்று. அவருக்கு மனம் வரவில்லைதான், உழைத்துச் சேர்த்ததை விடுவது யாருக்கும் கஷ்டம். ஆனால் அந்த வரிக்குத் துணை நிற்காத எந்தத் தகவலும் கேட்பவரின் நான்கு துண்டு இடத்தில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும்.

மையக் கருத்து சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். அதை ஒருவர் மறுத்துப் பேச முடியுமா? முடியும் என்றால் அது கருத்து. யாருமே மறுக்க முடியாது என்றால் அது பெரும்பாலும் தலைப்பைக் கொஞ்சம் நீட்டி எழுதியதாகத்தான் இருக்கும்.

எதற்குப் பின் எது

மீதி இருந்த குறிப்புகளைச் சிறு சிறு சீட்டுகளாக வெட்டி மேசையில் பரப்பினோம். நான்கு சீட்டு நின்றது. அண்ணனுக்கு ரத்தம் தேடி அலைந்த இரவு. எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மக்கள் வரிசையில் நின்று கொடுத்த ரத்தத்தில் ஒரு பகுதி பயன்படாமலே காலாவதியானது. கடைசியாக, உங்களுக்கென்று ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்.

சீட்டில் எழுதுவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தாளில் எழுதியது எழுதிய வரிசையிலேயே உறைந்துவிடும். சீட்டை நகர்த்தலாம். நகர்த்திப் பார்க்கும்போதுதான் பொருளுக்குள்ளேயே ஒரு வரிசை ஒளிந்திருப்பது தெரியும். நடந்த ஒன்றைச் சொல்வதென்றால் காலம்தான் வரிசை. ஒரு கட்டடத்தையோ ஊரையோ காட்டுவதென்றால் இடம்தான் வரிசை. ஒன்றை மாற்றச் சொல்கிறீர்கள் என்றால் சிக்கல், அதன் காரணம், அதற்கு வழி என்பதே இயல்பாக வரும், ரத்த தானப் பேச்சு கடைசியில் அப்படித்தான் உட்கார்ந்தது.

கால வரிசை எவ்வளவு எளிதாகவும் எவ்வளவு வலுவாகவும் இருக்க முடியும் என்பதற்கு 1863 நவம்பர் 19 அன்று ஆபிரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் பேசியதைப் பாருங்கள். அவருக்கு முன் பேசிய எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள், இரண்டு மூன்று நிமிடம். 87 ஆண்டுகளுக்கு முன் முன்னோர் உருவாக்கிய நாடு என்று தொடங்குகிறார். இப்போது உள்நாட்டுப் போரில் நிற்கிறோம் என்று நிகழ்காலத்துக்கு வருகிறார். உயிரோடிருக்கும் நமக்கு முடிக்க வேண்டிய வேலை பாக்கியிருக்கிறது என்று எதிர்காலத்தில் முடிக்கிறார். நேற்று, இன்று, நாளை. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கேட்பவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது.

சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில்

வரிசை சரியாக இருந்தும் பேச்சு உதிர்வது இங்கேதான். மேசையில் பார்க்கும்போது சீட்டுகளின் தொடர்பு உங்களுக்குத் தெரிகிறது. கேட்பவருக்கு மேசை தெரியாது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சொல்லும் வாக்கியத்தை இணைப்பு வாக்கியம் என்போம். பூவை நார்தானே மாலையாக்குகிறது, அந்த நார்தான் இது.

"அடுத்ததாக", "மேலும்", "அப்புறம்" என்று சொன்னாலே இணைப்பு ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். இன்னும் ஒன்று வருகிறது என்பதைத் தவிர இந்தச் சொற்கள் எதையும் சொல்வதில்லை. உண்மையான இணைப்பில் இரண்டு பாதி இருக்கும், முடிந்ததை ஒரு பாதி பிடித்துக்கொள்ள, வரப்போவதை மறுபாதி நீட்டும். "தட்டணு ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று பார்த்தோம். அப்படியானால் ஆயிரம் பேர் ஒரே நாளில் கொடுத்தால் எட்டாவது நாள் என்ன ஆகும்?" இதில் பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது, இரண்டுக்கும் என்ன உறவு என்பதும் இருக்கிறது. நடுவில் கவனம் சிதறி வேறெங்கோ போயிருந்தவரும் (எல்லோருக்கும் சிதறும், எவ்வளவு நல்ல பேச்சானாலும்) இந்த வாக்கியத்தில் திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

பயிற்சியில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு சீட்டுக்கு நடுவில் "அதனால்", "ஆனால்", "எப்படியென்றால்", "அப்படியானால்" ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒன்றாவது பொருந்தினால் நல்லது. "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அங்கே இருப்பது பட்டியல், இரண்டில் ஒன்று இடம் மாற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும்.

இரண்டாவது முறையாகச் சுருக்கிக்கொள்வோம்: மையக் கருத்து எது வேண்டும் என்று முடிவு செய்கிறது, வரிசை எது எங்கே என்று முடிவு செய்கிறது, இணைப்பு வாக்கியம் அந்த வரிசையைக் கேட்பவர் காதுக்குக் கேட்க வைக்கிறது.

தொடக்கமும் முடிவும்

இவை இரண்டையும் கடைசியாக எழுதுங்கள். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாசலை எப்படி அமைப்பது?

ஒரு பட்டியலைக் கேட்டால் தொடக்கத்தில் வந்ததும் கடைசியில் வந்ததும்தான் நினைவில் அதிகம் நிற்கின்றன என்பது பலமுறை சோதிக்கப்பட்ட விஷயம், பென்னட் மர்டாக் 1962-ல் வெளியிட்ட சோதனைகள் இதில் பெயர்பெற்றவை. அவை சொற்பட்டியலை வைத்துச் செய்தவை, பேச்சுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிற முதல் நிமிடத்தை, "எனக்கு வாய்ப்பளித்ததற்கு", "எனக்கு அவ்வளவாகப் பேச வராது" என்பதிலேயே கரைப்பது வீண். இளைஞர் அண்ணனின் அந்த இரவிலேயே தொடங்கினார், வணக்கம் கூட அதற்குப் பின்னால்தான் வந்தது. முடிவில் புதுத் தகவல் எதுவும் வரக்கூடாது, மையக் கருத்து இன்னொரு முறை வேறு சொற்களில் வந்தால் போதும். "கடைசியாக" என்று ஒருமுறைதான் சொல்ல முடியும், அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோரும் மனதளவில் எழுந்துவிடுவார்கள்.

அடுக்கினால் இயல்பு போய்விடாதா?

இந்தப் பயம் நியாயமானது. முழுப் பேச்சையும் எழுதி வரிக்கு வரி மனப்பாடம் செய்தால் உண்மையாகவே போய்விடும், ஒரு சொல் தவறினால் அதைத் தொடர்ந்து எல்லாம் சரியும். நான் சொல்வது வேறு. மையக் கருத்து, முதல் வாக்கியம், இணைப்பு வாக்கியங்கள், கடைசி வாக்கியம், இவற்றை மட்டும் சொல்லுக்குச் சொல் மனதில் வைத்துக்கொண்டு மற்றதை அந்த நேரத்தில் வருகிற சொற்களில் பேசலாம். எங்கே போகிறோம் என்று தெரிந்தவர்தான் நடுவில் தைரியமாக நின்று பேச முடியும்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது, உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் கனவுப் பகுதி கையிலிருந்த உரையில் இல்லை. பாடகி மஹாலியா ஜாக்சன் "அந்தக் கனவைச் சொல்லுங்கள்" என்று மேடையருகிலிருந்து குரல் கொடுத்தார். கிங் எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். ஆனால் அது வெறும் கையோடு இறங்கியதும் இல்லை, அதே கனவை அவர் முன்பே வேறு கூட்டங்களில் பேசியிருந்தார். ஒவ்வொரு படியிலும் திரும்பத் திரும்ப வரும் "எனக்கு ஒரு கனவு இருக்கிறது" என்ற அந்த ஒரு வரியே கேட்பவருக்கு அடுக்காக இருந்தது. காகிதத்தை விட்டார், அடுக்கை விடவில்லை.

இன்னொரு பலனும் இதில் உண்டு. பத்து நிமிடம் என்று சொல்லி அழைத்திருப்பார்கள், முன்னால் பேசியவர்கள் நீட்டியதால் உங்கள் முறை வரும்போது ஆறு நிமிடம்தான் இருக்கும். அடுக்கு இல்லாதவர் பத்து நிமிடத்தையும் ஆறில் அடைக்கப் பார்த்து மூச்சு வாங்கப் பேசுவார். ரத்த தான இளைஞருக்கும் அன்று அதுதான் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த நான்கு சீட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார், 2001 என்று எழுதியிருந்த சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஆயிரம் பேர் கேள்விக்கு விடையை அதே மூச்சில் தானே ஒரு வரியில் சொல்லிக்கொள்வதாகச் சைகை காட்டினார், மீதி மூன்றோடு மேடைக்குப் போனார்.